பேனாவின் ‘பி’க்கு எண் 113666: டுப்ளோயே சுருக்கெழுத்தைக் கணினியில் ஏற்றுவது எப்படி

ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகச் சின்னதாக ஒரு கோடு போடுங்கள். பிரெஞ்சுக்காரர் எமில் டுப்ளோயே 1860இல் வெளியிட்ட சுருக்கெழுத்தில் அந்தக் கோடு ஓர் எழுத்து. பேனா என்று சொல்லும்போது வரும் ‘பி’ ஒலி அது. அதே கோட்டை இன்னும் நீட்டி இழுத்தால் பஸ் என்று சொல்லும்போது வரும் ‘பி’. தமிழில் இரண்டையும் ‘ப’ என்றே எழுதிப் பழகிய நமக்கு, இந்த வேறுபாட்டை விளக்கவே பேனாவும் பஸ்ஸும் தேவைப்படுகின்றன. கட்டுரை முழுவதும் அவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் கணினித் தரம் யூனிகோடு. இந்தக் குட்டிக் கோட்டுக்கு அதில் தனி இடம் இருக்கிறது. 2014 ஜூனில் வெளிவந்த 7.0 பதிப்பில் டுப்ளோயன் என்ற பெயரில் ஒரு முழுப் பகுதியே சேர்க்கப்பட்டது. அதில் 160 கட்டங்கள். 143 கட்டங்களில் எழுத்தும் குறியும் உண்டு, 17 காலி. தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தரும் பிட்மேன் முறைக்கு இப்படியோர் இடம் கிடையாது. அமெரிக்காவில் பரவிய கிரெக் முறைக்கும் கிடையாது. லோயர், ஹையர் என்று பரீட்சை எழுதியவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் கோபப்படுவார்கள்.

டுப்ளோயேவுக்கு மட்டும் ஏன் இடம் கிடைத்தது? கனடாவின் மேற்கில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் காம்லூப்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த ழான் மரி ரஃபேல் லெ ழன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இந்தச் சுருக்கெழுத்தைச் சினூக் ஜார்கன் என்ற வணிகக் கலப்பு மொழிக்குப் பொருத்தினார். 1891இல் ‘காம்லூப்ஸ் வாவா’ என்ற செய்தித்தாளையும் அதிலேயே நடத்தத் தொடங்கினார். வாவா என்றால் பேச்சு. சுருக்கெழுத்து பொதுவாகப் பேச்சை வேகமாகக் குறித்துக்கொண்டு, அப்புறம் தட்டச்சு செய்ததும் தூக்கிப் போடுகிற சங்கதி. இங்கே அப்படி இல்லை. அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் படிக்கவும் எழுதவும் பயன்படுத்திய எழுத்தாகவே அது ஆனது. செய்தித்தாள், செபப் புத்தகம், கடிதம் என்று வாசிப்பதற்கான எழுத்தாக வாழ்ந்ததால், அதை எழுத்தாகவே சேமிக்க வேண்டிய தேவையும் வந்தது.

அப்படிப்பட்ட ஒரு பக்கத்தின் படம் உங்கள் கையில் இருக்கிறது, அதைத் தேடக்கூடிய உரையாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படித் தொடங்குவது?

முதலில், எந்த டுப்ளோயே என்று பாருங்கள்

டுப்ளோயே ஒரே முறை அல்ல, ஒரு குடும்பம். பிரெஞ்சு மூலமுறை, ருமேனிய வடிவம், ஆங்கிலத்துக்கு ஸ்லோன் செய்த வடிவம், பெரோ செய்த வடிவம், லெ ழனின் சினூக் வடிவம் என்று பல கிளைகள். யூனிகோடு இவை எல்லாவற்றையும் ஒரே பகுதிக்குள் வைத்திருக்கிறது. பேனாவின் ‘பி’ எந்தக் கிளையில் வந்தாலும் எண் ஒன்றுதான். ஆனால் சில எழுத்துகள் ஒரு கிளைக்கு மட்டுமே உரியவை. ஸ்லோன் முறையில் மட்டும் வரும் ஓர் எழுத்துக்குப் பெயரிலேயே ஸ்லோன் என்று ஒட்டியிருக்கும்.

புதியவர்களுக்கு என் யோசனை: சினூக் பக்கத்தில் தொடங்குங்கள். சுருக்கெழுத்துக்காரர்கள் வழக்கமாக உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கு. லெ ழன் விழுங்கவில்லை. ஊகித்துவிடலாம் என்ற இடத்திலும் உயிரெழுத்தைப் போட்டார். முன்னொட்டுக்கும் பின்னொட்டுக்கும் தனிச் சுருக்கக் குறிகள் போடும் பழக்கமும் சினூக் எழுத்தில் இல்லை. ஒலிக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். பிரெஞ்சு அலுவலகக் குறிப்பு ஒன்றை எடுத்து உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகும்.

கோட்டை எழுத்தாகப் படித்தல்

வேலையில் பாதி இதுதான். கணினி அப்புறம்.

நேர்கோட்டு மெய்கள் ஐந்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் குட்டைக் கோடு ஒரு மெய், நீளக் கோடு இன்னொரு மெய். மேலிருந்து நேராகக் கீழே இறங்குவது பேனாவின் ‘பி’, அதன் நீளவடிவம் பஸ்ஸின் ‘பி’. இடமிருந்து வலமாகப் படுத்திருப்பது டீக்கடையின் ‘டி’, நீட்டினால் டாக்டரின் ‘டி’. மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாகச் சரிந்து இறங்குவது ‘எஃப்’, நீட்டினால் ‘வி’. மேலே வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாகச் சரிந்து இறங்குவது ‘கே’, நீட்டினால் காரத்தின் ‘க’ போல அல்லாமல் கங்கையின் இரண்டாவது ‘க’ போல ஒலிப்பது. கடைசி ஜோடி கீழிருந்து வலப்பக்கமாக ஏறுவது: குட்டை என்றால் ‘எல்’, நீளம் என்றால் ‘ஆர்’.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘கே’யும் ‘எல்’லும் ஒரே பக்கம் சாய்ந்தவை. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. தாளில் உறைந்துவிட்ட கோட்டுக்கு எந்தப் பக்கம் போனோம் என்று சொல்லத் தெரியாது. சாய்வு கொஞ்சம் வேறுபடும், ‘எல்’ சற்றுப் படுத்த மாதிரி இருக்கும், ‘கே’ நிமிர்ந்து நிற்கும். ஆனால் கையெழுத்தில் அதை நம்ப முடியாது. முன்னால் உள்ள எழுத்து எந்த முனையில் வந்து தொடுகிறது, அடுத்த எழுத்து எந்த முனையில் கிளம்புகிறது என்று பாருங்கள். பேனா நடந்த பாதையை விரலால் காற்றில் வரைந்து பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

நீளமும் அப்படித்தான். குட்டை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். அதில் உள்ள கோட்டின் நீளத்தை வைத்து மற்றவற்றை எடைபோடுங்கள். அடுத்த பக்கத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த அளவு அங்கே செல்லாது.

வளைந்த மெய்கள் உண்டு: ‘எம்’, ‘என்’, ‘ஜே’, ‘எஸ்’ நான்கும் வெவ்வேறு பக்கம் பார்த்திருக்கும் அரைவட்டங்கள். உயிர்களில் ‘ஆ’ சின்ன வட்டம், ‘ஓ’ அதைவிடப் பெரிய வட்டம். வேறு சில உயிர்கள் வளைவுகள். அந்த வளைவுகளுக்கு நிலையான திசை கிடையாது. முன்னால் வரும் எழுத்து எந்தக் கோணத்தில் வந்து முடிகிறதோ அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். பின்னால் வரும் எழுத்தோடு மோதாமல் இருக்கக் கண்ணாடிப் பிம்பமாகவும் புரண்டுகொள்ளும். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒரே உயிர் மூன்று சொற்களில் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மூன்றுக்கும் மூன்று எண் தேடுவார்கள்.

தமிழர்களுக்கு இது புதுசாக இருக்கக் கூடாது. கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள். உகரக் குறி ஒவ்வொன்றிலும் வேறு உருவம். ஆனால் கணினிக்குள் எல்லாவற்றிலும் ஒரே ‘ு’தான் இருக்கிறது. எந்த மெய்யோடு எப்படிச் சேர வேண்டும் என்பது எழுத்துருவின் பாடு. டுப்ளோயே உயிருக்கும் அதே நியதி: திசை எப்படி இருந்தாலும் எண் ஒன்று.

அப்புறம், புள்ளி. ‘எச்’ ஒலிக்கு எழுத்து வெறும் புள்ளி. பழைய படியெடுப்பு இயந்திரத்தில் அச்சான தாளில் மைத் துளிக்குப் பஞ்சமே இல்லை. எது எழுத்து, எது அழுக்கு? சொல்லாகச் சேர்த்துப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் சினூக் ஜார்கன் சொல்லகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்கிறேன்.

எண்ணைக் கண்டுபிடித்தல்

யூனிகோடு அட்டவணைகள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் தருகின்றன. டுப்ளோயன் பகுதி 1-பி-சி-00இல் தொடங்கி 1-பி-சி-9-எஃப்பில் முடியும். (பஸ்ஸின் பி, சிங்கப்பூரின் சி.) நமக்குப் பழகிய பத்தின் அடிமானத்தில் சொன்னால் 113664 முதல் 113823 வரை. இந்தக் கட்டுரையில் பத்தின் அடிமானத்தையே பயன்படுத்துகிறேன்.

தொடக்க எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றவை எளிது. 113664 ‘எச்’, அந்தப் புள்ளி. 113666 நம் பேனாவின் ‘பி’. அதற்கடுத்து வரிசையாக டீக்கடை ‘டி’ 113667, ‘எஃப்’ 113668, ‘கே’ 113669, ‘எல்’ 113670. இந்த ஐந்து குட்டைக் கோடுகளுக்கும் அடுத்த ஐந்து இடங்களில் அதே வரிசையில் நீளக் கோடுகள். ஆக, குட்டையோடு ஐந்தைக் கூட்டினால் நீளம். பஸ்ஸின் ‘பி’ 113671, ‘ஆர்’ 113675. அட்டவணையை வடிவமைத்தவர்கள் எழுத்தின் தர்க்கத்தை மதித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிய இடம் இது. ‘எம்’ 113689, அதிலிருந்து ‘என்’, ‘ஜே’, ‘எஸ்’ என்று தொடரும். ‘ஆ’ 113729, ‘ஓ’ 113732, ‘இ’ 113734. சினூக் எழுத்துக்கெனத் தனி முற்றுப்புள்ளியும் உண்டு, பகுதியின் கடைசி இடமான 113823இல். நம் விசைப்பலகையின் சாதாரணப் புள்ளியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு சொல்லை முழுசாகச் செய்து பார்ப்போம். சினூக் ஜார்கனில் ‘கோபா’ என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். இல், கு, இடம் என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டுகிற வேற்றுமை உருபுகள் பலவற்றின் வேலையையும் அது ஒற்றை ஆளாக, சொல்லுக்கு முன்னால் நின்று செய்கிறது. எழுத்துகள்: கே, ஓ, பேனாவின் பி, ஆ. எண்கள்: 113669, 113732, 113666, 113729. நான்கே எண்கள். தமிழில் ‘கோபா’ என்று எழுதினாலும் கணினிக்குள் நான்கு எண்கள்தான், க, ோ, ப, ா. தற்செயல்தான், ஆனாலும் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்கிறது. இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ‘பி’ என்ற சொல்லே இருக்கிறது. ‘உம்’, ‘ஆனால்’ என்ற பொருளில் வரும். 113666, 113734, முடிந்தது.

தட்டச்சு

டுப்ளோயேவுக்கு உங்கள் கணினியில் ஆயத்த விசைப்பலகை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று வழிகள் உண்டு.

வலைப்பக்கம் தயாரிப்பவர் என்றால் மிக எளிய வழி எண்ணையே எழுதிவிடுவது. மூல நிரலில் 𛰂 என்று போட்டால் உலாவி அதை எழுத்தாகக் காட்டும். கோபா என்பதற்கு 𛰅𛱄𛰂𛱁 என்று இடைவெளி இல்லாமல். கடைசியில் வரும் அரைப்புள்ளியை மறந்தால் சில இடங்களில் வேலை செய்யும், சில இடங்களில் செய்யாது. மறக்காமல் போடுங்கள்.

விண்டோஸில் வேர்டு அல்லது லிப்ரே ஆபிஸ் ஆவணம் என்றால், பதினாறின் அடிமான எண்ணை ஆங்கில விசைகளால் அடித்து, உடனே ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்துங்கள். எண் எழுத்தாக மாறும். மறுபடி அழுத்தினால் எழுத்து எண்ணாகும். சரிபார்க்க இந்த இரண்டாவது பாதிதான் அதிகம் உதவுகிறது.

பக்கம் பக்கமாகச் செய்ய வேண்டும் என்றால் மேற்கண்ட இரண்டிலும் கை வலிக்கும். முதலில் முழுப் பக்கத்தையும் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தேடி மாற்றும் வசதியால், அல்லது பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி நிரலால், ஒவ்வொரு ஒலிக்கும் எண்ணைப் போட்டு மாற்றுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் ஒலிகளை முதலில் மாற்றுங்கள், ஒற்றை எழுத்துகளை அப்புறம். நான் முதல்முறை தலைகீழாகச் செய்தேன். ‘ஷ’ ஒலி வந்த இடமெல்லாம் ‘எஸ்’ஸும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளியுமாகப் பிரிந்து நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு. ஒலிபெயர்ப்பு தனியாகக் கையில் இருக்கும். அதை அழிக்காதீர்கள், பட எண், வரி எண், ஒலிபெயர்ப்பு, டுப்ளோயே உரை என்று ஒரே அட்டவணையில் வையுங்கள். டுப்ளோயே தெரியாதவரும் சினூக் தெரிந்தால் உங்கள் பிழையைக் காட்டித் தருவார்.

எழுத்துரு

இவ்வளவு செய்தபின் திரையில் வரிசையாகக் காலிக் கட்டங்கள் தெரிந்தால் பதறாதீர்கள். எண் சரி, உருவம் காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கூகுளின் நோட்டோ வரிசையில் ‘நோட்டோ சான்ஸ் டுப்ளோயன்’ என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவுங்கள்.

இந்த எழுத்துரு செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துருவில் சேரும் வடிவங்களுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து வைத்துவிடலாம். டுப்ளோயேயில் கோட்டின் முனையில் வட்டம், வட்டத்திலிருந்து இன்னொரு கோடு, அதிலிருந்து வளைவு என்று சொல் முழுவதும் ஒரே இழுப்பு. ‘கோபா’வில் சரிந்த கோடு இறங்கி, பெரிய வட்டம் சுற்றி, நேர்கோடாக இறங்கி, சின்ன வட்டத்தில் முடிய வேண்டும். வட்டம் கோட்டின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். எழுத்துரு இதையெல்லாம் விதிகளாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நின்றால், ஒன்று வேறு எழுத்துரு பயன்படுகிறது, அல்லது உங்கள் மென்பொருள் எழுத்துருவின் விதிகளைக் கேட்பதில்லை. அதே உரையை நடப்புப் பதிப்பு உலாவி ஒன்றில் திறந்து பாருங்கள். அங்கே ஒட்டினால் உங்கள் உரையில் குற்றமில்லை. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழின் கொம்பு முன்னும் பின்னும் தாவிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் ஓர் எழுத்துக்கு இரண்டு எண்ணிக்கை வருகிறது?

நிரல் எழுதாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். தரவுத்தளத்தில் ஏற்றப்போகிறவர்கள் தாண்ட வேண்டாம்.

யூனிகோடின் முதல் 65536 இடங்கள் அடிப்படைத் தளம். தமிழின் ‘க’ 2965, அங்கே பத்திரமாக இருக்கிறது. 113666 அந்த எல்லைக்கு வெளியே, அடுத்த தளத்தில். நம் பழைய பின்னக் குறிகளும் அதே தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு, 2019இல் 73664ஆம் இடத்தைப் பெற்றது. ஆகவே டுப்ளோயேவுக்குச் செய்யும் ஏற்பாடு முந்திரிக்கும் உதவும்.

இந்த எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைகள் பல. யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட்டு, டுப்ளோயே எழுத்துக்கு 4 பைட்டு. கணக்கைக் கையாலேயே போடலாம். 113666ஐ 4096ஆல் வகுங்கள்: ஈவு 27, மீதி 3074. மீதியை 64ஆல் வகுங்கள்: ஈவு 48, மீதி 2. இந்த மூன்றோடும் 128ஐக் கூட்டினால் 155, 176, 130. முன்னால் 240ஐ வையுங்கள். 240, 155, 176, 130. பேனாவின் ‘பி’ கோப்பில் இப்படித்தான் கிடக்கிறது. ‘கோபா’ டுப்ளோயேயில் 16 பைட்டு, தமிழில் 12.

யுடிஎஃப்-16 முறையில் கதை வேறு. 113666இலிருந்து 65536ஐக் கழித்தால் 48130. அதை 1024ஆல் வகுத்தால் ஈவு 47, மீதி 2. ஈவோடு 55296ஐக் கூட்டி 55343, மீதியோடு 56320ஐக் கூட்டி 56322. இந்த இரண்டும் ஜோடியாக நின்றால்தான் ஓர் எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் இந்த ஒற்றைக் கோட்டின் நீளத்தைக் கேட்டால் 2 என்று சொல்வது இதனால்தான். பைத்தானின் 3ஆம் பதிப்பு 1 என்று சொல்லும். முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டிக் காட்டு என்று ஜாவாஸ்கிரிப்டில் அலட்சியமாக எழுதினால், ஜோடியின் நடுவில் கத்தி விழலாம். அரை எழுத்து எங்கும் எதுவாகவும் தெரியாது.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் நெடுங்காலமாக யுடிஎஃப்8 என்று பெயரிட்டிருந்தது எழுத்துக்கு 3 பைட்டு வரைதான் தாங்கும். தமிழ் அதில் ஒழுங்காக ஓடியிருக்கும், ஆகவே சந்தேகமே வந்திருக்காது. டுப்ளோயே ஏற்றினால் பிழை வரும், அல்லது அந்த இடத்திலிருந்து உரை அறுந்துபோகும். யுடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணைக்கு மட்டுமல்ல, இணைப்புக்கும் அதையே சொல்லுங்கள். நான் அட்டவணையை மாற்றிவிட்டு இணைப்பை மறந்தேன். நானூறு வரி கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டது. ஒலிபெயர்ப்பைத் தனியாக வைக்கச் சொன்னேன் அல்லவா, அதன் அருமை அன்றுதான் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத நான்கு

டுப்ளோயன் பகுதி முடிந்த கையோடு, 113824 முதல் 113827 வரை நான்கு கட்டுப்பாட்டுக் குறிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி உருவம் கிடையாது. முதலாவது, அடுத்த எழுத்து முந்தைய எழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, அந்த வெட்டு தொடர வேண்டும் என்பது. மற்ற இரண்டும் அடுத்து வருவதை ஒரு படி கீழேயும் ஒரு படி மேலேயும் வைக்கச் சொல்பவை.

பகுதிக்குள்ளேயே 113821இல் இன்னொரு குறி உண்டு, தடித்த எழுத்துத் தேர்வி. ஸ்லோன் முறையில் கோட்டை அழுத்தி எழுதினால் ‘ஆர்’ ஒலி சேர்ந்ததாகப் பொருள். அந்த அழுத்தத்துக்கு இந்தக் குறி. எழுத்துக்குப் பின்னால் போட வேண்டும். ஆவண மென்பொருளில் ‘தடிமன்’ பொத்தானை அழுத்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். வெற்று உரையாக நகலெடுத்த மறுகணம் தடிமன் போய்விடும், கூடவே ‘ஆர்’ ஒலியும்.

சினூக் பக்கத்தில் தொடங்கியிருந்தால் இவை பெரும்பாலும் தேவைப்படாது. ஒட்டாமல் பிரித்து எழுதிய எழுத்துகளைப் பிரித்தே காட்ட வேண்டும் என்றால் நமக்கு அறிமுகமான ஒன்று உதவும்: இணைப்பைத் தடுக்கும் அகலமற்ற குறி, எண் 8204. ‘க்ஷ’ என்று கூடிக்கொள்வதை ‘க்‌ஷ’ என்று பிரிக்கத் தமிழில் போடுவோமே, அதேதான்.

செய்யக் கூடாத இரண்டு

பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக வேறு குறியைப் போடாதீர்கள். பேனாவின் ‘பி’ வெறும் நெடுங்கோடு. விசைப்பலகையில் எண் 124ஆக ஒரு நெடுங்கோடு தயாராக இருக்கிறது. கை அதற்குத்தான் போகும். திரையில் ஏறக்குறைய சரியாகவே தெரியும். தேடினால் கிடைக்காது, அடுத்த எழுத்தோடு ஒட்டாது. கைபேசியில் ‘என்’ என்று அடிப்பதாக நினைத்துத் தமிழ் எண் ஏழைப் போட்டு ‘௭ன்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எ 2958, ௭ 3053. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு அந்நியர்கள்.

இரண்டாவது, காலியான 17 கட்டங்களில் சொந்தமாக எதையும் குடிவைக்காதீர்கள். 113771 முதல் 113775 வரை ஐந்து இடம் சும்மாதானே கிடக்கிறது, என் பக்கத்தில் வரும் புரியாத குறிக்கு அதை எடுத்துக்கொள்கிறேன் என்று தோன்றும். நாளை யூனிகோடு அங்கே வேறு எழுத்தை வைத்தால் உங்கள் உரை பொய் சொல்லும். யூனிகோடுக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம் என்று தமிழ் பட்ட பாட்டை அனுபவித்தவர்கள் இன்னொரு மொழிக்கு அதைச் செய்யலாமா? புரியாத குறி வந்தால் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டு, படத்தில் அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சரிபார்ப்பு

கோப்பை யுடிஎஃப்-8ஆகச் சேமியுங்கள். மொழி அடையாளமும் கொடுத்துவிடுங்கள்: சினூக் ஜார்கனுக்கு சி-எச்-என், டுப்ளோயன் எழுத்துமுறைக்கு டி-யு-பி-எல் என்பவை சர்வதேசத் தரக் குறியீடுகள். எழுத்துமுறைக்கு எண் குறியீடும் உண்டு, 755.

பிறகு கோப்பை மூடி, வேறொரு கணினியில் திறந்து, எழுத்துகளை எண்களாகத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். பைத்தானில் ஒரே வரி. வந்த எண்கள் எல்லாம் 113664க்கும் 113827க்கும் இடையில், இடைவெளி முதலானவை போக, இருக்க வேண்டும். 124 என்று ஒன்று எட்டிப் பார்த்தால் எங்கேயோ கை நழுவியிருக்கிறது. பல இடங்களில் 65533 (படிக்க முடியாத எழுத்துக்குப் பதிலாக வரும் மாற்றுக்குறி) வந்தால், உரை வழியில் ஒரு பழைய மென்பொருளிடம் சிக்கிச் சிதைந்திருக்கிறது. கடைசியாக நல்ல நிலையில் இருந்த பிரதிக்குத் திரும்பிப் போங்கள்.

எண்களிலிருந்து ஒலிபெயர்ப்பை நிரலாலேயே மறுபடி உருவாக்கி, நீங்கள் முதலில் கையால் செய்த ஒலிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். கடைசியாகப் படத்தையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1891இல் எழுதியவரின் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும், வட்டம் கோணலாக இருக்கும். எழுத்துருவின் கோடு கம்பிபோல நிற்கும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டாம். 113669, 113732, 113666, 113729 என்று இருக்கிறதா? அப்படியென்றால் அடுத்த வரிக்குப் போகலாம்.